வாயிற்புறத்து விருந்தினர்

ஜொகூர் பாரு நகரின் கிழக்கே, தெப்ராவ் நீரிணையை ஒட்டி அமைந்திருப்பது பெர்மாஸ் ஜெயா. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த நகரியம் அது. வரிசை வீடுகளும் கடைத்தெருக்களும் நிறைந்த அவ்விடத்தில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். சீனர்தம் சந்திர நாள்காட்டியின் ஏழாம் திங்கள் பிறந்துவிட்டால், அந்தி மயங்கும் வேளையில் அங்குள்ள தெருக்கள் வேறு கோலம் கொள்கின்றன. சீனர் வீடுகளின் எதிரே, சாலையோரத்தில் சிவப்பு மெழுகுவத்திகள் எரிகின்றன. புல்தரையில் ஊதுவத்திகள் வரிசையாகக் குத்தப்பட்டுள்ளன. சோறும் பழங்களும் பலகாரமும் தேநீரும் நிலத்தின்மீதே பரப்பப்பட்டுள்ளன. தகரப் பீப்பாய் ஒன்றில் காகிதப் பணம் கட்டுக் கட்டாக எரிந்து சாம்பலாகிக் காற்றில் பறக்கிறது.

இதனைப் 'பேய் மாதம்' என்று தமிழர் குறிப்பிடுவர். படையலை மிதித்துவிடாதபடி பிள்ளைகளைக் கைப்பற்றி இழுத்துச் செல்லும் தாய்மாரும், இருட்டியபின் வெளியே போகாதே என்று தடுக்கும் பாட்டிமாரும் தமிழ்க் குடும்பங்களிலும் உண்டு. அச்சம் எல்லார்க்கும் பொதுவாயிற்று. ஆயினும் அச்சத்தின் அடியில் இருக்கும் கருத்து எல்லார்க்கும் தெரிந்ததாயில்லை.

சீனர் வீட்டின் உள்ளே முன்னோர்க்கென்று தனியே ஒரு பீடம் உண்டு. தந்தை, பாட்டன், பூட்டன் ஆகியோர்க்குரிய வழிபாடு அங்கே நடைபெறும். சாலையோரத்துப் படையலோ வீட்டிற்கு வெளியே, வெறுந்தரையில் வைக்கப்படுகிறது. அவ்வாறாயின் அது யாருக்கு? இவ்வினாவின் விடை பண்டைச் சீனத்திலும், புத்தர் பிறந்த நாட்டிலும், தமிழர் அறிந்த காஞ்சிபுரத்திலும், தெப்ராவ் ஆற்றங்கரையிலும் சிதறிக் கிடக்கிறது.

போக்கிடம் அற்ற ஆவிகள்

மனிதனுக்கு ஓர் உயிரன்று, இருவகை உயிர்கள் உண்டு என்பது பண்டைச் சீனர் கொள்கை. ஒளியும் அறிவும் சார்ந்த உயிரை 'ஹுன்' என்றும், உடலோடு ஒட்டிய உயிரை 'போ' என்றும் வழங்கினர். இறந்தபின் ஹுன் மேலெழுந்து நினைவுப் பலகையில் இடம்பெறும். போ உடலோடு மண்ணில் அடங்கும். இரண்டும் தத்தம் இடத்தை அடைவதற்கு வழிசெய்வது மகனின் கடமை. முறையான அடக்கமும் ஆண்டுதோறும் படையலும் பெற்றவர் முன்னோர் ஆகின்றனர். அவை கிட்டாதவர் அலையும் ஆவி ஆகின்றனர். முன்னோர்க்கும் பேய்க்கும் இடையிலுள்ள வேறுபாடு, நினைக்க ஒருவர் இருக்கின்றாரா இல்லையா என்பதே.

இக்கருத்தை விளக்கும் பழைய நிகழ்ச்சி ஒன்று 'சுவோ சுவான்' என்னும் சீன வரலாற்று நூலில் காணப்படுகிறது. செங் என்னும் சிறு நாட்டில் போ யூ என்ற பெருங்குடியினன் ஒருவன் உட்பகையால் கொல்லப்பட்டான். சில ஆண்டுகள் கழித்து அவனுடைய ஆவி வருகின்றது என்று ஊரார் கலங்கி ஓடலாயினர். கி.மு. 535-ஆம் ஆண்டு, அந்நாட்டின் அமைச்சராகிய ட்சு சான் மந்திரவாதியை அழைக்கவில்லை. ஆவியை விரட்டவும் முற்படவில்லை. கொலையுண்டவனின் மகனுக்குப் பதவி அளித்து, தந்தைக்குரிய வழிபாட்டை நடத்தும் தகுதியை அவனுக்கு உண்டாக்கினார். ஊரின் கலக்கம் அடங்கியது. போய்ச் சேர்வதற்கு ஓரிடம் இருக்குமாயின் எந்த ஆவியும் தீயதாக மாறாது என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

ஆவி உண்டோ இல்லையோ, அவ்வமைச்சர் கண்ட உண்மை எளிதில் தள்ளத்தக்கதன்று. நீதி கிட்டாமல் இறந்தவனைப் பற்றிய கலக்கம் ஓர் ஊரின் மனச்சான்றில் எழும் கலக்கமாகும். அதனைத் தீர்ப்பதற்கு வழி விரட்டுதல் அன்று. உரிய இடம் அளித்தல்.

இக்கருத்து பிற்காலத்தில் அரசாங்கக் கடமையாகவும் ஆயிற்று. 1368-இல் மிங் அரச மரபை நிறுவிய ஹொங்வூ பேரரசர், வழிபடுவாரற்ற ஆவிகளுக்கென ஊர்தோறும் பலிமேடை அமைக்க ஆணையிட்டார். போரில் மடிந்தவர், பஞ்சத்தில் செத்தவர், நீரில் மூழ்கியவர், மகப்பேறின்றி இறந்தவர் எனப் பலரும் அம்மேடையின் விருந்தினர் ஆயினர். ஆண்டிற்கு மூன்று முறை அரசு அதிகாரிகளே முன்னின்று அங்கே படையல் இட்டனர். ஏழாம் திங்களின் பதினைந்தாம் நாள் அம்மூன்றனுள் ஒன்று.

சுவருக்கு அப்பால் நிற்போர்

பௌத்தம் இதனை வேறொரு வழியால் அணுகியது. வடமொழியில் 'பிரேதர்' என்றும் பாலியில் 'பேதர்' என்றும் வழங்கும் ஆவிகள், பேராசையாலும் ஈயாமையாலும் அந்நிலை அடைந்தவர்கள். மலைபோன்ற வயிறும் ஊசித்துளை போன்ற தொண்டையும் உடையவர்கள் எனப் பௌத்த மரபு அவர்களைச் சித்திரிக்கும். உணவு கண்ணெதிரே இருந்தும் அவர்களால் உண்ண இயலாது.

இவர்களைப் பற்றிய 51 கதைகளின் தொகுப்பே பாலி மொழியிலுள்ள 'பேதவத்து'. அதில் மகத நாட்டு அரசன் பிம்பிசாரனின் கதை ஒன்று உண்டு. அவனுடைய முற்பிறப்பின் சுற்றத்தார் துறவியர்க்கென வைத்த உணவைத் தாமே உண்டு, அப்பழியால் பேதர் ஆயினர். அரசன் புத்தருக்கு உணவளித்தபோது தமக்கும் ஒரு பங்கு கிட்டும் என்று அவர்கள் காத்திருந்தனர். அரசனோ அந்த அறத்தின் பயனை எவர்க்கும் உரிமையாக்கவில்லை. அன்றிரவு அவர்கள் அரண்மனையில் அலறினர். மறுநாள் புத்தர் அறிவுறுத்தியவாறு, தன் கொடையின் பயன் சுற்றத்தாரைச் சேர்க என்று அரசன் நீர் வார்த்துக் கொடுத்தான். அவர்களுடைய பசி தீர்ந்தது. இக்கதையோடு இணைந்த பாடல், சுவருக்கு அப்பாலும் தெருச்சந்தியிலும் வாயிற்படியிலும் நின்று அவ்வாவிகள் தம் பழைய வீட்டை நோக்கிக் காத்திருப்பதைக் கூறுகின்றது. பெர்மாஸ் ஜெயாவின் தெருவோரத்தில் ஏற்றப்படும் மெழுகுவத்தி அதே இடத்தில்தான் எரிகின்றது.

தமிழர் இங்கே ஒன்றனை அறிந்து மகிழலாம். பேதவத்துவிற்கு உரை வகுத்தவர் தம்மபாலர் என்னும் பேராசான். அவர் தமிழகக் கடற்கரையில் இருந்த பதரதித்த விகாரையில் வாழ்ந்தவர் என்பது பௌத்த மரபு. பசித்த ஆவிகளின் கதைகளைப் பௌத்த உலகம் இன்றும் படிப்பது தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒரு துறவியின் உரை வழியாகவே.

பௌத்தம் சீனத்தில் புகுந்தபோது கடுமையான எதிர்ப்பு ஒன்றைச் சந்தித்தது. மணம் செய்யாது, மகனைப் பெறாது, பெற்றோரை விட்டு மடம் புகும் துறவி, முன்னோர் வழிபாட்டையே அறுத்து விடுகிறான் என்று சீன அறிஞர் குறை கூறினர். அக்குறைக்கு விடையாக அமைந்தது 'யூலான்பென்' சூத்திரம். புத்தரின் மாணாக்கர் மொக்கல்லானரைச் சீனர் மூ லியன் என்பர். அவர் தம் தவ வலிமையால் இறந்த தாயைத் தேடி, அவள் பசித்த ஆவியாகத் துன்புறுவதைக் கண்டார். ஒரு கிண்ணம் சோறு கொண்டுபோய் ஊட்ட முயன்றார். சோறு அவள் வாய் சேருமுன் நெருப்புத் தணலாயிற்று. ஒரு மகனுடைய அன்பு மட்டும் போதாது, மழைக்காலத் தவம் முடிக்கும் துறவியர் கூட்டம் முழுமைக்கும் ஏழாம் திங்கள் முழுநிலா நாளில் உணவளிக்க வேண்டும் என்று புத்தர் வழிகாட்டினார். தாய் விடுதலை பெற்றாள்.

துறவி தாயைக் கைவிட்டவன் அல்லன். ஏழு தலைமுறைப் பெற்றோரையும் காப்பவன் என்பதை இக்கதை சீனர் நெஞ்சில் பதித்தது. லியாங் நாட்டுப் பேரரசர் வூ, 538-ஆம் ஆண்டில் இவ்விழாவை நடத்தியதாகப் பௌத்த வரலாறுகள் குறிக்கின்றன. அதே நாளைத் தாவோ சமயத்தார் மண்ணுலகைக் கணக்கிடும் தேவனுக்குரிய 'சோங்யுவான்' நாளாகக் கொண்டனர். இரு நீரோட்டங்களும் ஒன்றாயின. பௌத்தம் சொன்ன ஆவி தன் குற்றத்தால் பசித்தது. சீனர் சொன்ன ஆவி பிறர் மறதியால் பசித்தது. படையலிடும் கை இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

காஞ்சியிலிருந்து சென்ற கப்பல்

இம்மரபின் மற்றொரு கிளை தமிழகத்தோடு இன்னும் நெருக்கமானது. கி.பி. எட்டாம் நூற்றாண்டில் சீனத்தில் பெரும்புகழ் பெற்ற பௌத்த ஆசான் வச்சிரபோதி. அவருடைய பிறப்பிடம் பற்றிச் சீன வரலாறுகள் இருவிதமாகக் கூறினும், காஞ்சிபுரத்தோடு அவருக்கிருந்த தொடர்பு தெளிவானது. மழையின்றி நாடு வாடிய காலத்தில், பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் மழை வேண்டி வழிபட்டார் என்பது அவர் வரலாற்றில் காணும் செய்தி. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மனே அம்மன்னன். பின்னர் வச்சிரபோதி இலங்கைக்குச் சென்று, அங்கிருந்து கடல்வழியே ஸ்ரீவிஜயத்தை அடைந்து சில திங்கள் தங்கி, 720-ஆம் ஆண்டையொட்டிச் சீனம் சேர்ந்தார்.

அவருடைய தலைமாணாக்கர் அமோகவச்சிரர். 741-இல் ஆசான் மறைந்தபின் அவரும் கடலேறி இலங்கை வந்தார். பல சுவடிகளைத் திரட்டிக்கொண்டு 746-இல் சீனம் மீண்டார். 774-இல் மறையும்வரை நூல்களை மொழிபெயர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவர் மொழிபெயர்த்தவற்றுள் ஒன்று, 'எரிவாய்' என்னும் பசித்த ஆவியைப் பற்றிய சூத்திரம்.

புத்தரின் அணுக்க மாணாக்கர் ஆனந்தர் இரவில் தனித்திருக்கையில் வாயில் தீக்கொழுந்து விடும் ஆவி ஒன்று அவர்முன் தோன்றுகிறது. இன்னும் மூன்று நாளில் நீயும் இறந்து எங்களுள் ஒருவன் ஆவாய் என்கிறது. எண்ணற்ற ஆவிகளுக்கு உணவளித்தாலன்றித் தப்ப வழியில்லை. கையில் ஏதுமற்ற துறவி என் செய்வார்? சிறிதளவு உணவையே மந்திர வலியால் அளவின்றிப் பெருக்கி எல்லார்க்கும் அளிக்கும் முறையைப் புத்தர் கற்பித்தார். இச்சூத்திரத்தை அடியொற்றி எழுந்த 'எரிவாய்' வழிபாடே, இன்று மலேசியச் சீனரின் ஏழாம் திங்கள் பந்தல்களில் பௌத்தத் துறவியர் சோற்றுமணிகளையும் இனிப்புகளையும் வீசி நடத்தும் சடங்கு.

ஒருகை உணவு எல்லார்க்கும் போதுமானதாகப் பெருகுவது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை, யானைத்தீ என்னும் தீராப்பசி நோயால் வருந்திய காயசண்டிகைக்கு முதலில் உணவளித்துப் பசி தீர்த்த வரலாற்றைத் தமிழ்ப் பௌத்தக் காப்பியம் கூறும். எவ்வளவு உண்டும் அடங்காத பசியும், எவ்வளவு இட்டும் குறையாத கலமும் ஒரே பௌத்த உள்ளத்தின் இரு கனவுகள்.

தெப்ராவ் ஆற்றங்கரை

இத்துணை நீண்ட மரபு ஜொகூரில் வேரூன்றியதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. பெர்மாஸ் ஜெயாவை ஜொகூர் பாருவிலிருந்து பிரிப்பது தெப்ராவ் ஆறு. 1844-இல் அதே ஆற்றின் கரையில், சிங்கப்பூரிலிருந்து வந்த தான் கீ சூன் தலைமையில் சீனர் குடியேறினர். ஆற்றையொட்டிய காட்டைத் திருத்திப் பயிர்செய்யும் உரிமையைத் தெமெங்கோங் இப்ராகிம் எழுத்து ஆணையாகச் சீனத் தலைவர்களுக்கு அளித்தார். 'காங்சூ' முறை எனப்பட்ட அவ்வேற்பாடு ஜொகூரின் ஆறுகள் பலவற்றுக்கும் பரவி, 1917-இல் ஒழிக்கப்படும்வரை நீடித்தது. கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றது.

அங்கே விளைந்தவை மிளகும் கம்பீரும். கம்பீர் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிடவும் சாயமேற்றவும் உதவியது. காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். விறகுக்காகக் காடு அழியும். சில ஆண்டுகளில் நிலம் வளமிழக்கும். தோட்டம் மேலும் உள்ளே நகரும். இவ்வுழைப்பில் ஈடுபட்ட கூலிகள் பெரும்பாலும் தென்சீனத்திலிருந்து தனியே வந்த ஆடவர். மனைவி இல்லை, மக்கள் இல்லை. காய்ச்சலாலும் புலியாலும் அபினியாலும் மடிந்தவர் பலர். மகன் இட வேண்டிய படையலுக்கு மகனே இல்லாத மனிதர் அவர்கள். சீனத்தில் சிலருக்கு நேர்ந்த அவலம், இங்கே ஒரு தலைமுறையின் பொது விதி ஆயிற்று.

எனவே இரத்த உறவின் இடத்தைச் சகோதரக் கழகம் ஏற்றது. ஜொகூரில் அரசின் இசைவோடு இயங்கிய ஙீ ஹெங் சங்கம், இறந்த உறுப்பினரின் நினைவுப் பலகைகளைப் பேணியது. அச்சங்கம் கலைக்கப்பட்டபின், 1920-களின் தொடக்கத்தில் அவற்றை ஒரே கல்லறையில் அடக்கினர். ஜொகூர் பாருவின் சீன மயானத்தில் இருக்கும் அக்கல்லறைக்கு 'மிங் கல்லறை' என்று பெயர். அங்கே இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது. வழிபடுவோர் அங்கே அடங்கியவரின் பேரர் அல்லர், ஊரார். ஊரே மகனாகி நிற்கும் காட்சி அது.

ஏழாம் திங்களின் பொது விழாவும் இவ்வகையினதே. ஹொக்கியன் மொழியில் 'போ தோர்' எனப்படும் அவ்விழாவின் பொருள் எல்லாரையும் கரையேற்றுதல் என்பதாகும். சந்தை வணிகரும் கடைத்தெருவினரும் குழுவாகக் கூடிப் பந்தலிடுவர். கனல்விழியும் கடுமுகமும் கொண்ட காகிதத்தாலான பெருவுருவம் ஒன்று அங்கே நிறுத்தப்படும். 'தாய் சூ யா' எனப்படும் அவ்வுருவம் ஆவிகளின் தலைவனுக்குரியது. அதன் முடியில் கருணையின் வடிவான குவான் யின் அம்மையின் சிறு உருவம் வீற்றிருக்கும். கடுமையின் உச்சியில் அருள் அமர்ந்திருக்கிறது. விழா முடிவில் அவ்வுருவத்தையும் எரித்துவிடுவர். கூத்தும் பாட்டும் நடக்கும் மேடையின் முன்வரிசை நாற்காலிகள் காணா விருந்தினர்க்கென வெறுமையாக விடப்படும். 'பேய்' என்னும் சொல்லை வாயால் கூறாமல் 'நல்ல சகோதரர்' என்றே ஹொக்கியன் மக்கள் குறிப்பர். மனைவி மக்களின்றி மடிந்த கூலிகளின் நாட்டில் அச்சொல் வெறும் மங்கல வழக்கு மட்டுமன்று.

அம்மாதத்தில் திருமணம் செய்யார், புதுவீடு புகார், நீர்நிலைகளில் குளிக்க அஞ்சுவர். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவாரும், காகிதம் எரிப்பது காசுக்கும் காற்றுக்கும் கேடு என்பாரும் சீனருள்ளேயே உள்ளனர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் படையலிட்ட அரிசி ஏழையர்க்குப் பகிரப்படுவதும், ஏலத்தில் திரளும் பணம் பொதுப்பணிக்குச் செல்வதும் இவ்விழாவின் பகுதிகளே. பினாங்கில் 1970-களில் விழாக் குழுக்கள் ஒன்றிணைந்து சீனப் பள்ளிகளுக்கு நிதி திரட்டத் தொடங்கின. இறந்தோர்க்கு இட்ட சோறு இருப்போர்க்குக் கல்வியாயிற்று.

ஒரே அமாவாசை

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் தமிழர்க்கு ஆடி அமாவாசை. சீனர்க்கு ஏழாம் திங்களின் முதல் நாள். நிலவைக் கணக்கிடும் இரு மரபினரும் பல ஆண்டுகளில் ஒரே அமாவாசையில் இறந்தோரை நினைக்கின்றனர். தென்புலத்தாரைப் பேணுதலை இல்வாழ்வானின் கடமைகளுள் ஒன்றாகத் திருக்குறள் வைத்தது. போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிப் படைத்தது சங்ககாலம். எனினும் ஆடி அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைக்கும் தமிழர் பெரும்பாலும் தம் தந்தையையும் பாட்டனையுமே நினைக்கின்றனர்.

மலாயாத் தமிழரின் வரலாற்றிலும் நினைப்பாரற்று மடிந்தோர் பலர். ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் வந்து, மலேரியாவில் மாண்டு, தோட்டத்து மண்ணில் புதைந்தவர்கள் அவர்கள். 1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஓட்டிச் சென்ற தமிழ்த் தொழிலாளருள் திரும்பாதவர் பல்லாயிரவர். அதே பாதையில் உயிரிழந்த போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேர்க்குக் காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி இடம் உண்டு. தமிழ்த் தொழிலாளிக்கு அத்தகைய தனியிடம் வாய்க்கவில்லை.

2023-ஆம் ஆண்டில் அவர்கள் நினைவாகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அது நின்ற இடம் வாட் தாவொர்ன் வராராம் என்னும் பௌத்த ஆலய வளாகம். ஏழாம் திங்களில் பசித்த ஆவிகளுக்கு உணவிடும் மகாயான மரபைச் சேர்ந்த ஆலயம் அது. தமிழனின் பழைய நடுகல்லுக்குப் பௌத்தரின் முற்றம் இடம் தந்தது. எண்பது ஆண்டுகள் வெளியே நின்றவர்க்குப் போய்ச்சேர ஓரிடம் கிடைத்தது.

பெர்மாஸ் ஜெயாவின் சாலையோரத்தில் எரியும் மெழுகுவத்தி அச்சத்தின் அடையாளமாக மட்டும் இருக்க வேண்டுவதில்லை. பெயர் தெரியாத ஒருவனுக்கு, உறவு அல்லாத ஒருவர் வைத்த சோறு அதன் அருகில் இருக்கிறது. அதனை மிதியாமல் பிள்ளையைக் கைப்பற்றி அழைத்துச் செல்லும் தமிழ்த்தாய், அது யாருக்கு வைத்த உணவு என்பதையும் பிள்ளைக்குச் சொல்லலாம். அப்போது அப்பிள்ளை, நம் தோட்டத்து மண்ணில் கிடப்பவர்களுக்கு யார் வைத்தார்கள் என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஆவிகள் அல்லர்.